பஞ்சம்மாள் உட்கார்ந்து பார்த்து வாங்கிய குழாய்

கம்பத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குழாய் விற்கிறேன். பெயர்ப் பலகையில் உமர் பாருக் என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு நான் பைப்புக்கடை பாய்தான். எந்தத் தண்ணீருக்கு எந்தக் குழாய், தொட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தால் எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தக் கம்பெனிக் கைப்பிடி மூன்றாம் மாதம் கழன்று கையோடு வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தத் திமிரோடுதான் பஞ்சம்மாளின் மகனுக்கு ஒன்றுக்கு மூன்றாகத் தப்பான குழாயைக் கொடுத்து அனுப்பினேன். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மகன் பெயர் விஜயபாண்டி. லோடு ஆட்டோ ஓட்டுகிறான். திராட்சைப் பெட்டி ஏற்றாத நாட்களில் என் கடைச் சரக்கையும் அவன்தான் கொண்டுவருவான். ஒரு நாள் காலையில் பழைய திருகு பைப்பு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். வீட்டுப் பாத்ரூமில் இருந்தது, மரை தேய்ந்து சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றான். அம்மாவுக்கு ஒரு கை வராது, லேசாகத் திறக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றான். அவ்வளவுதான் சொன்னான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

லேசாகத் திறப்பது என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. நீளக் கைப்பிடி வைத்த கால் சுற்றுக் குழாயைக் கொடுத்தேன். ஒரு விரலால் தட்டினால் போதும், திறந்துகொள்ளும். இரண்டு நாளில் திரும்பி வந்தான், அம்மாவுக்கு அது தோதுப்படவில்லையாம். சரி என்று அமுக்குகிற குழாயைக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் இருக்குமே, ஒரு தடவை அமுக்கினால் கொஞ்ச நேரம் தண்ணீர் வந்து தானாக நிற்கும், அது. அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதாக ஹெல்த் ஃபாஸட் கொடுத்தேன், கையில் பிடித்து அமுக்கிப் பீய்ச்சுகிற சின்ன ஷவர். அது திரும்பி வந்தபோது எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் பட்ட சாமானை நான் திரும்ப வாங்குவதே இல்லை. உன் அம்மாவுக்கு என்னதான் வேண்டுமாம் என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். வேல்விழியிடம் சொல்லியிருக்கிறார்கள், அவள் என்னிடம் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றான். வேல்விழி அவன் மனைவி.

அவன் அம்மாவை எனக்கு முகம் தெரியும். கம்பத்தில் அவரைத் தெரியாத ஜீப் டிரைவர் கிடையாது. இருபத்தொன்பது வயதில் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது விஜயபாண்டி நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். மறு மாதமே பஞ்சம்மாள் தினமும் கூலி ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறி, கேரளத்து ஏலத் தோட்டத்து வேலைக்குப் போக ஆரம்பித்தார். செடியின் அடியில் குனிந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். இரண்டு கையும் ஓட வேண்டும். மலையாளத்தில் கணக்கப்பிள்ளை ஒரு வார்த்தை கூடப் பேசினால், அதே மலையாளத்தில் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுப்பாராம். அங்கே அவருக்குப் பேர் சண்டைக்காரச் சேச்சி.

அந்தக் கூலியில்தான் ஹாலோபிளாக் வைத்து இரண்டு அறை வீடு கட்டினார். ஒன்பது வருஷம் ஆயிற்று. கடைசியாகக் கட்டியது பாத்ரூம். அதுவரைக்கும் அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் போல ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்தான். இந்தியன் கக்கூஸ் கோப்பை பதித்து, இரும்புக் கதவு வைத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்ட அன்றைக்குத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாராம். அந்தக் கோப்பையும் என் கடையில் வாங்கியதுதான். பேரம் பேசி என் உயிரை எடுத்தது நினைவிருக்கிறது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மெட்டு இறக்கத்தில் ஜீப் கவிழ்ந்தது. அன்றைக்குப் பதினைந்தாவதாக ஏற வந்த ஆளை ஏற்றக் கூடாது என்று டிரைவரோடு சண்டை போட்டு இறக்கிவிட்டிருந்தார் பஞ்சம்மாள். அந்த ஆள் தப்பினார், இவர் தப்பவில்லை. இடது தோளில் நரம்பு அறுந்துபோனது. மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இனி அந்தக் கை வராது என்று சொல்லிவிட்டார். கை இருக்கிறது, தொங்குகிறது, அவ்வளவுதான். முந்தானையை முடிந்து தூளி மாதிரி அதைத் தாங்கிக்கொண்டு நடப்பார்.

அன்றிலிருந்து பாத்ரூமுக்கு வேல்விழி கூடப் போகிறாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகம் சுளித்ததில்லை, நேரம் கடத்தியதில்லை. நானிருக்கேன்ல அத்தை என்பாளாம். கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே போய் நிற்பாள், செம்பில் மொண்டு ஊற்றுவாள். ஒன்றரை வருஷமாக அந்தத் தாழ்ப்பாளை யாரும் போடவில்லை.

இப்போது வேல்விழிக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை ஜெயமங்கலத்திலிருந்து அவள் அப்பா வந்து பிரசவத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அப்புறம் பஞ்சம்மாளுக்கு யார்? மகன் ஆண்பிள்ளை, அவன் உள்ளே நிற்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பஞ்சம்மாளின் அக்கா ஜக்கம்மா வந்து, தன் ஊரான வருசநாட்டுக்குக் கூட்டிப் போவது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். எல்லாரும் என்றால் பஞ்சம்மாளைத் தவிர எல்லாரும். ஆறு மாதம்தானே என்றார்கள். கைப்பிள்ளையோடு வேல்விழி திரும்பி வந்தால், இரண்டு பேரை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று அடுத்த பேச்சு வரும் என்பது பஞ்சம்மாளுக்குத் தெரியும். ஆறு மாதம் ஆறு வருஷமாகும். வீட்டை வாடகைக்கு விடலாமே என்று ஒருவர் சொல்வார். வருசநாட்டுக்குப் போனால் திரும்பி வர முடியாது என்று அவர் தெளிவாக இருந்தார். தானாகக் கழுவிக்கொள்ள முடிந்தால் போக வேண்டியதில்லை. விஷயம் இவ்வளவுதான். இவ்வளவையும் மூடி மறைத்துத்தான் என்னிடம் 'லேசாகத் திறக்கிற மாதிரி' என்று வந்து நின்றான் பையன்.

அந்த ஞாயிற்றுக்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவரே கடை ஏறி வந்தார். பின்னால் விஜயபாண்டி, மூன்று குழாயும் போட்ட பையோடு. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். புது வீடுகள் கட்டித்தரும் வினோத்ராஜ் கவுண்டரில் சாய்ந்து, போனைத் தடவிக்கொண்டே தங்க நிறக் குழாய் கேட்டுக்கொண்டிருந்தான். நான் வாங்கக்கா என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

இதைவிட லேசாகத் திறக்கிற குழாய் உலகத்திலேயே கிடையாது என்று நான்தான் ஆரம்பித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"தெறக்கிறதுக்கு எனக்குக் கை இருக்கு பாய்," என்றார் பஞ்சம்மாள். "தெறந்துவிட்டுட்டுக் கழுவுறதுக்குத்தான் கை இல்ல."

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. அவர் குரலைத் தணிக்காமலே விளக்கினார். வலது கையால் மொண்டு ஊற்றினால் கழுவ இன்னொரு கை வேண்டும். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கொண்டுபோவதற்குள் ஊற்றிய தண்ணீர் ஓடிவிடுகிறது. நான் முதலில் கொடுத்த கைப்பிடிக் குழாய் திறந்தே இருந்தாலும் தண்ணீர் சுவரோர வாளிக்குள்தான் விழுகிறது. நான் கொடுத்த ஷவரை அமுக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். அமுக்குகிற குழாய் அது பாட்டுக்குச் சுவரோரமாக ஊற்றிவிட்டு நின்றுபோகிறது. தண்ணீர் யாரும் பிடிக்காமல், அமுக்காமல், உட்கார்ந்த இடத்தில் பின்னால் வந்து விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இருக்கிற ஒரு கையால் அவர் கழுவிக்கொள்வார். கழுவி முடித்ததும் அதே கையால் குழாயை மூடுவார். அப்படி ஒன்று இருக்கிறதா, இல்லையா?

இருபத்திரண்டு வருஷத்தில் என் கடையில் கழுவுவது என்கிற சொல்லை வாய்விட்டுச் சொன்னவர் கிடையாது. கோப்பை விற்கிறேன், ஷவர் விற்கிறேன், அதற்கென்று தனிக் குழாய் விற்கிறேன். எதற்கென்று வாங்குகிறவரும் சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். மாமியார் மருமகளிடம் பாதி சொல்லி, அவள் புருஷனிடம் அதில் பாதி சொல்லி, அவன் என்னிடம் வரும்போது ஒன்றுமே மிஞ்சாமல் போயிருக்கிறது. நாங்கள் எல்லாரும் நல்ல மானஸ்தர்கள். அந்த மானத்துக்குத்தான் மூன்று குழாய்.

கடையில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், விலைப் பட்டியலைப் பார்த்தார்கள். விஜயபாண்டிக்குக் காது சிவந்துவிட்டது. அம்மா, மெதுவாப் பேசு என்று முணுமுணுத்தான்.

"ஏலே, மெதுவாப் பேசிப் பேசித்தான மூணு பைப்பு வந்து கெடக்கு," என்றார் அவர்.

வினோத்ராஜ் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். கெட்டவன் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு மிஷின் இருக்கிறது என்று நம்புகிறவன். கரண்டில் ஓடுகிற வெளிநாட்டுக் கோப்பை வந்திருக்கிறது, பட்டனைத் தட்டினால் அதுவே கழுவித் துடைத்துக் காற்றும் அடித்துவிடும் என்று படம் காட்டினான். பஞ்சம்மாள் படத்தை நன்றாகவே பார்த்தார். கரண்டு போனால் என்ன செய்யும் என்று கேட்டார். அவன் யோசித்தான். தொட்டி பாத்ரூம் தலைக்கு மேலேயே நாலடியில் இருக்கிறது, அந்த வேகத்துக்கு இது பீய்ச்சுமா என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பீய்ச்சாது என்றேன். அவன் மறுபடியும் போனைத் தடவ ஆரம்பித்தான்.

அப்புறம் அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. சுவரில் குழாய்கள் மாட்டியிருக்கும் பலகைப் பக்கம் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வாயைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், வலது கையைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். என் கடைக்கு வருகிற ஆண்கள் குழாயின் பளபளப்பைப் பார்ப்பார்கள், கம்பெனிப் பேரைப் பார்ப்பார்கள், போனில் வேறு எங்கே மலிவு என்று பார்ப்பார்கள். தண்ணீர் எங்கே விழும் என்று பார்த்த முதல் ஆள் இவர்தான்.

பாத்ரூம் பலகை முடிந்தது. அடுத்தது சமையல்கட்டுப் பலகை. அங்கே போய் நின்றார். சிங்க்குக்கு மேல் சுவரில் மாட்டுகிற குழாய், கொக்குக் கழுத்து மாதிரி நீண்டு வளைந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புமே, அதைப் பிடித்துத் திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார். இதைக் கழற்றி முழங்கால் உயரத்தில் பிடிங்க பாய் என்றார்.

எதற்கு என்றேன். உட்கார்ந்து பார்க்கணும் என்றார்.

கடை வாசலில் ரோடு, ரோட்டில் பஸ். உள்ளே ஐந்து ஆண்கள். நான் தயங்கினேன். இங்கே வேண்டாமக்கா, நான் அளவு சொல்றேன் என்றேன். நீங்க சொன்ன அளவுலதான் மூணு போச்சு என்றார். குழாயைக் கழற்றினேன். கடை முதலாளி, தொப்பி போட்ட மனிதன், சுவரோரம் மண்டியிட்டுக் குழாயைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பஞ்சம்மாள் சேலையை இழுத்துச் செருகி, பாத்ரூமில் உட்காருகிற மாதிரியே குந்தினார். யாரையும் பார்க்கவில்லை. வலது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தன் பக்கம் திருப்பினார், கைப்பிடியைத் தட்டினார், கையைக் கீழே கொண்டுபோனார், மறுபடி கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். இரண்டு தடவை செய்து பார்த்தார். விஜயபாண்டி வாசலுக்குப் போய்விட்டான். வினோத்ராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை மறைத்த மாதிரி போய் நின்றான். அந்த ஒரு காரியத்துக்காக அவனுக்குத் தங்கக் குழாயில் விலை குறைத்தேன்.

எழுந்து இதுதான் என்றார். வழக்கம் போல என் வாய் நீண்டது. அது சமையல்கட்டுக் குழாய், கக்கூஸில் போடுகிறதில்லை, பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்றேன்.

"பாத்திரத்தைக் கழுவுனா என்ன, என்னையக் கழுவுனா என்ன பாய்? பாக்கிறதுக்கு அங்கன எவன் வரப்போறான்? எவனும் வரக் கூடாதுன்னுதான இம்புட்டும்."

தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவுவதை நாங்கள் ஒளு என்போம். தினம் ஐந்து வேளை ஒளு எடுக்கிறவன் நான். சுத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அது இரண்டு கை இருக்கிறவனின் சுத்தம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. பில் போடும்போது அவர் முகத்தைப் பார்க்காமலே போட்டேன்.

பிளம்பர் இம்மானுவேல் அடுத்த முட்டுக்கட்டை. கம்பத்தில் பாதி வீட்டுக்கு அவன்தான் பைப்பு வேலை. சிங்க் குழாயைக் கக்கூஸில் மாட்டினால் தொழில் தெரியாதவன் என்று தன் பேர் கெட்டுப்போகும் என்று ரெஞ்சைப் பைக்குள் போட்டுவிட்டான். பஞ்சம்மாள் அவனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு நாள் இருந்து பார், அப்புறம் நீ சொல்கிற குழாயை மாட்டிக்கிடுறேன் என்று சொல்லி அனுப்பினாராம். அவன் வீட்டுக்குப் போய் நிஜமாகவே செய்து பார்த்தானா என்பது தெரியாது. சனிக்கிழமை காலையில் தானாகவே போய் மாட்டிவிட்டான்.

மாட்டியதும் இரண்டு குறை தெரிந்தது. தொட்டி உயரம் போதாமல் தண்ணீர் நூலாக வந்தது. குழாய் வாயில் நுரை வருவதற்கென்று ஒரு சின்ன வலை இருக்கும், அதைக் கழற்றி எறியச் சொன்னேன். தண்ணீர் விரல் கனத்துக்கு வந்தது. இரண்டாவது குறை பெரியது. சுவரிலிருந்து கோப்பைக்கு நாலு விரல் தூரம் எட்டவில்லை. நீட்டித் தருகிற பித்தளைத் துண்டு வேண்டும். நாலு இஞ்ச் என்னிடம் இல்லை. தேனிக்குப் போன் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன். அது ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத்தான் கைக்கு வந்தது. ஆள் விட்டு அனுப்ப மனம் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு நானே வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வாடகை ஜீப் நின்றது. ஜக்கம்மா வந்துவிட்டார். தங்கையைவிடப் பத்து வயது மூத்தவர், கட்டையான உருவம், வெற்றிலை வாய். பஞ்சம்மாளின் சேலைகளை அவரே மடித்து இரண்டு பையில் அடைத்துத் தயாராக வைத்திருந்தார். வேல்விழி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சம்மாள் பாத்ரூம் வாசலில் நின்று இம்மானுவேலை விரட்டிக்கொண்டிருந்தார். துண்டை வாங்கி அவன் கால் மணி நேரத்தில் பொருத்தினான். கழுத்தைத் திருப்பினால் சரியாகக் கோப்பைக்கு மேல் வந்தது, தள்ளிவிட்டால் சுவரோடு போய் வாளிக்கு மேல் நின்றது.

ஜக்கம்மா எட்டிப் பார்த்தார். என்ன இது, அடுப்படிக் குழாய் மாதிரி இருக்கிறதே என்றார். வேல்விழி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். ஜக்கம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் புரிந்தது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"சோத்துக்கையாலயா?" என்றார். "அந்தக் கையால அதைச் செஞ்சுட்டு, அந்தக் கையாலயே சோறு திங்கப் போறியா?"

நானும் இம்மானுவேலும் அங்கே இருக்கக் கூடாது என்று இருவருக்கும் தோன்றியது. ஆனால் வழியில் ஜக்கம்மா நின்றார், நகர முடியவில்லை.

"எனக்கு இருக்கிறது ஒரு கைதானக்கா," என்றார் பஞ்சம்மாள். "சோத்துக்கையும் அதுதான், பீச்சாங்கையும் அதுதான்."

கூடப்பிறந்தவள் நான் எதற்கு இருக்கிறேன், நான் ஊற்ற மாட்டேனா, நான் கழுவிவிட மாட்டேனா என்று ஜக்கம்மா அழுதேவிட்டார். பொய் அழுகை இல்லை. சின்ன வயதில் தாயில்லாமல் போன தங்கையை இடுப்பில் வைத்துத் தூக்கி, கால் கழுவிவிட்டு வளர்த்தவர். அவருக்கு அது ஒரு வேலையே இல்லை. அதுதான் சங்கடம். கொடுமைக்காரியாக இருந்தால் ஒரே பேச்சில் முடிந்துவிடும்.

"நீ செய்வேக்கா. ஒன்னைய விட யாரு செய்வா," என்றார் பஞ்சம்மாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கையில ஒட்டுனது சோப்புப் போட்டாப் போயிரும். அடுத்தவ கழுவிவிட்டு ஒட்டுறது எதைப் போட்டாலும் போகாது. எனக்குக் கதவைச் சாத்தணும்."

சொல்லிவிட்டு எங்களை எல்லாம் விலகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது போல, இரண்டு மூன்று தடவை இழுத்து, பிறகு விழுந்தது. வேல்விழி பழக்கத்தில் ஓடி வந்து கதவருகே நின்றாள். அத்தை, நான் வரட்டா என்று கேட்டாள். உள்ளேயிருந்து போடி அங்கிட்டு என்று பதில் வந்தது. பிறகு தண்ணீர் விழும் சத்தம். நாங்கள் நாலு பேரும் கொல்லையில் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, என் வாழ்க்கையில் ஒரு குழாயின் சத்தத்தை நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. சத்தம் நின்றது. தாழ்ப்பாள் திறந்தது.

வெளியே வந்தவர் நேராகத் துவைக்கிற கல்லுக்குப் போனார். கல்லில் தேங்காய் நாரைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். ஒரு கையை இன்னொரு கை தேய்க்க முடியாதே, அதற்கு அவரே கண்டுபிடித்த வழி. நாரில் சோப்பைக் குழைத்து, கையை உள்ளும் புறமும், விரல் இடுக்கும், நகக்கண்ணும் தேய்த்தார். அலசினார். மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்து அலசினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கழுவினால்கூட அவ்வளவு கழுவ மாட்டார். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் அவ்வளவு நேரம் கழுவினார் என்று நினைக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எங்களையும் உட்கார வைத்தார். வாசலில் ஜீப்காரனோடு நின்றிருந்த விஜயபாண்டியும் உள்ளே வந்து உட்கார்ந்தான். புளிக்குழம்பு, அவித்த முட்டை. வேல்விழி பரிமாற எழுந்தாள், இவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே பரிமாறினார். கரண்டியால் சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார். முட்டையை மட்டும் கையால் எடுத்து ஒவ்வொரு தட்டிலும் வைத்தார். எனக்கும் வைத்தார். நான் சாப்பிட்டேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது, முதல் வாய் எடுக்க எனக்கும் ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார் என்றுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

ஜக்கம்மா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நீளவில்லை. பிறகு மெதுவாகத் தட்டைத் தள்ளிவைத்தார். எனக்குப் பசிக்கலடி, ஜீப்காரன் காத்துக் கிடக்கான் என்றார். எழுந்து மூக்கைச் சிந்தினார். தான் அடைத்து வைத்த சேலைப் பைகளை எடுக்கவில்லை. வேல்விழியின் தலையைத் தடவிவிட்டு, தங்கை முகத்தைப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். யாராவது நிறுத்துவார்களா என்று விஜயபாண்டி அம்மாவைப் பார்த்தான். அவர் நிறுத்தவில்லை. ஆனால் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கிறவரைக்கும் கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவுமில்லை. கண் நிறைந்திருந்தது.

பிறகு அக்காவின் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சோற்றைக் குழம்போடு பிசைந்தார். நாங்கள் எல்லாரும் பார்க்கப் பார்க்க, அந்த ஒரு கையால், முட்டை முதல் கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார்.